வாணிபமும் உரையாடு பொறியும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் இன்னதென்று காரியதரிசி அவர்கள் அறிவித்தபொழுது சிலர் முறுவல் செய்யக் கண்டோம். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் பண்டிதர் ஒருவர்க்குக் கம்ப்யூட்டர் விவகாரத்தில் பேச யாது உரிமை என்பதே அம்முறுவலின் பொருளாகும். ஐயம் நியாயமானதே. ஆயினும் சாட்பாட் என்று இக்காலத்தார் வழங்கும் உரையாடு பொறி செய்யும் தொழில் யாது? வினாவைக் கேட்டல், விடையைக் கூறுதல் என்னும் இவ்விரண்டே. வினாவும் விடையும் இலக்கண நூலுள் தொன்றுதொட்டு ஆராயப்பட்டவை. ஆதலின் இஃது எமக்கு முற்றும் புறம்பான விஷயம் அன்று.

மற்றொரு காரணமும் உண்டு. நம் அங்கத்தினருட் பலர் மளிகை, ஜவுளி, இரும்புச் சாமான், பாத்திரம், மருந்து முதலியன விற்போர். அவர்தம் கடைகளுக்கு இப்பொழுது இருதிறத்துத் தரகர்கள் வந்து போகின்றனர். ஒருவர், "நிரல் ஒரு வரியும் எழுத வேண்டா, மாதவாடகை செலுத்துங்கள், மாலைக்குள் பொறி பேசும்" என்கின்றார். மற்றொருவர், "வாடகைப் பொறி நாளடைவில் உதவாது, உங்களுக்கென்றே நிரல் எழுதித் தருவோம்" என்கின்றார். இருவர் சொல்லும் இனிமையாகவே இருக்கின்றது. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று தெளியாமல் நம்மவர் மயங்குகின்றனர். பிறர் வாங்கினாரென்று தாமும் வாங்கி, ஆறு மாதத்தில் கைவிட்டாரும் உளர். பொருளும் போய், வாடிக்கைக்காரர் நம்பிக்கையும் குறையுமாயின் அந்நஷ்டம் சிறிதன்று. இது பற்றியே இவ்விஷயம் ஈண்டு ஆராயத் தக்கதாயிற்று.

முதற்கண் இப்பொறியின் வரலாற்றைச் சுருக்கிக் கூறுவோம். அமெரிக்க தேசத்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர் எலிசா என்ற உரையாடு நிரலை இயற்றி, 1966-ஆம் ஆண்டில் அதன் விவரத்தை வெளியிட்டார். எதிரில் இருப்பவர் எழுதிய வாக்கியத்தில் குறித்த சொல் வருகின்றதா என்று பார்த்து, அதற்கேற்ப முன்னரே எழுதி வைத்த அச்சில் விடையை வார்த்துக் கொடுப்பதே அதன் தொழில். அதற்கு அறிவென்பது இல்லை. எனினும் பேசினார் பலர், தம்மைப் புரிந்துகொண்ட ஒருவரோடு பேசுவதாகவே எண்ணினர். அரை நூற்றாண்டு கழித்து, 2016-ஆம் ஆண்டில், பேஸ்புக் கம்பெனி தன் மெஸஞ்சரில் வாணிபத்தார் பொறிகளை வைத்துக்கொள்ள இடமளித்தது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிஸினஸ் என்னும் செயலி சிறு கடைக்காரர்க்காக வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், பெருங்கம்பெனிகள் தம் கணினியோடு வாட்ஸ்அப்பை இணைத்துக்கொள்ளும் ஏபிஐ என்னும் வாயிலும் திறக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் அவ்வாயில், மெட்டா கம்பெனியின் சர்வரிலேயே இயங்கும் கிளவுட் ஏபிஐ என்ற வடிவில் எல்லா வாணிபத்தார்க்கும் உரியதாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்தபின், பொறி எதைக் கேட்டாலும் பேசும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவலாயிற்று.

இனி இருவகைத் தளங்களையும் விளக்குவோம். ஒன்று லோ-கோட் என்பது; இதனைக் குறைநிரல் தளம் என்போம். இப்பெயர் 2014-ஆம் ஆண்டில் பாரஸ்டர் என்னும் ஆராய்ச்சிக் கம்பெனியாரால் வழக்கிற்கு வந்தது. இதில் திரையின்மீது கட்டங்களை வைத்துக் கோடுகளால் இணைக்க வேண்டும். "வணக்கம்" என்பது ஒரு கட்டம். "விலை அறிய வேண்டுமா, சரக்கு எங்குள்ளது என்று அறிய வேண்டுமா" என்பது மற்றொரு கட்டம். ஒவ்வொரு விடைக்கும் ஒவ்வொரு கிளை. மரத்தில் அடிமரமும் கிளையும் தளிரும் போல் உரையாடல் விரிகின்றது. சர்வரைக் காப்பதும் பழுது பார்ப்பதும் தளத்துக்காரர் பொறுப்பு. நாம் செலுத்துவது வாடகை.

மற்றொன்று நிரல்வழித் தளம். பைதான், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய நிரல்மொழிகளில் வல்லார் ஒருவர் உரையாடலின் ஒவ்வொரு படியையும் எழுதி, சர்வர் ஒன்றில் ஏற்றி, நமது கணக்குப் புத்தகத்தோடும் சரக்கிருப்போடும் இணைத்துத் தருவது இது. 2016-ஆம் ஆண்டில் திறந்த மூலமாக வெளிவந்த ரஸா இவ்வகையைச் சேர்ந்தது. எழுதிய நிரல் நம்முடையது. அதனைக் காக்கும் பாரமும் நம்முடையதே.

இவ்விரண்டையும் வாடகைக் கடைக்கும் சொந்த மனையிற் கட்டிய கடைக்கும் ஒப்பிடலாம். வாடகைக் கடையில் இன்றே சரக்கு பரப்பலாம். ஆனால் சுவரை இடிக்க உரிமை இல்லை. சொந்தக் கட்டடத்தில் எவ்வாறும் மாற்றலாம். ஆனால் கூரை ஒழுகினால் நாமே ஏற வேண்டும்.

இரண்டிற்கும் நடுவே நிற்பனவும் உள. நம் சென்னைப் பட்டணத்தைச் சேர்ந்த ஸோஹோ கம்பெனியார் தமது சேல்ஸ்ஐக்யூ என்னும் சாதனத்தில், கட்டங்களை இணைத்துப் பொறி செய்யும் முறையையும், டெல்யூஜ் என்னும் நிரல்மொழியால் எழுதும் முறையையும் ஒருங்கே வைத்துள்ளனர். ஆகவே இவ்விரு வகையும் ஒன்றையொன்று விலக்கும் பகையல்ல என்று கொள்க.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். குறைநிரல் என்றால் பொத்தானை அழுத்தும் பொறி, நிரல்வழி என்றால் செயற்கை அறிவுப் பொறி என்று சிலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. பெருமொழி மாதிரி எனப்படும் செயற்கை அறிவை இருவகைத் தளத்திலும் இணைக்கலாம். இரண்டிலும் இணைக்காமலும் விடலாம். "யார் கட்டுவது, யார் காப்பது" என்பது ஒரு கேள்வி. "எழுதி வைத்த விடையா, பொறி தானே இயற்றும் விடையா" என்பது வேறொரு கேள்வி. தரகர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவாராயின் நிறுத்திப் பிரித்துக் கேட்க வேண்டும்.

இனி இலக்கணத்திற்கு வருவோம். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறென்றும் விடையை எட்டென்றும் வகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவ்வாறு வினாக்கள். கடைக்கு வரும் வினாக்களை இவற்றுள் அடக்கிப் பார்த்தல் பெரிதும் பயன்படும். "பொன்னி அரிசி இருக்கின்றதா?" என்பது கொளல்வினா. பொருளைக் கொள்ளும்பொருட்டுக் கேட்பது. "கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?" என்பது அறியாவினா. இவ்விரண்டிற்கும் விடை நிலையானது. எழுதி வைத்த பட்டியலிலிருந்தே கொடுக்கலாம். "அரை அங்குலக் குழாய் போதுமா, முக்கால் அங்குலம் வேண்டுமா?" என்பது ஐயவினா. இதற்கு விடை சொல்லுமுன் வீடு எத்தனை மாடி, தொட்டி எங்கே என்று நாம் கேட்க வேண்டும். வினாவிற்கு வினாவே விடையாதல் இதுவாம். "நான் அனுப்பிய பணத்திற்குச் சரக்கு இன்னும் வரவில்லையா?" என்பது கேட்கும் ஓசையால் அறியாவினாப் போலத் தோன்றினும், கருத்தால் ஏவல்வினாவாகும். "உடனே அனுப்பு" என்பதே அதன் பொருள். அங்கே "ஆம், வரவில்லை" என்று பொறி கூறுமாயின் வாடிக்கைக்காரர் என்ன நினைப்பார் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

விடைகளுள்ளும் இனமொழி விடை என்று ஒன்று உண்டு. "துவரம்பருப்பு உண்டா?" என்றவர்க்கு "பாசிப்பருப்பு உண்டு" என்று சொல்லுவது அவ்வகை. இல்லை என்னும் சொல்லை வாயால் சொல்லாமல், உள்ள சரக்கைக் காட்டும் வாணிப நாகரிகம் அதில் அமைந்திருக்கின்றது. நம் கடைகளில் கல்லாவிலிருப்போர் இலக்கணம் கல்லாமலே இதனை நாள்தோறும் செய்கின்றனர். பொறிக்கோ இதனை ஒருவர் கற்பித்தாலன்றி வாராது.

இதனாற் பெறப்படுவது யாது? தளத்தைத் தேர்வதற்கு முன் வினாக்களைத் தேர வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் 30 நாள், போனிலும் வாட்ஸ்அப்பிலும் கடைவாயிலிலும் வரும் வினா ஒவ்வொன்றையும் வந்தவாறே எழுதி வைக்க வேண்டும். மாத முடிவில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை கொளல்வினாவும் அறியாவினாவுமாய் இருந்தால் குறைநிரல் தளமே சாலும். சில கடைகளுக்கு அதுவும் வேண்டா. வாட்ஸ்அப் பிஸினஸ் செயலியில் இலவசமாகவே உள்ள சரக்குப் பட்டியலும், விரைவு விடையும், கடை மூடியபின் செல்லும் செய்தியும் போதும். ஐயவினாவும் ஏவல்வினாவும் மிகுமாயின், விடை நமது சரக்கிருப்பையும் கணக்கையும் பார்த்தே சொல்ல வேண்டியிருத்தலால், நிரல் வேண்டப்படும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் கீழ் 3 விடைப் பொத்தான்களே வைக்கலாகும். பட்டியலாயின் 10 வரிகள். இவ்வெல்லைக்குள் நம் உரையாடல் அடங்குமா என்பதே தரகரைக் கேட்குமுன் நாமே பார்த்துக்கொள்ளத் தக்க முதற் சோதனை.

அடுத்தது செலவு. ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குதற்காக யாம் கற்பித்துக்கொண்டவையே. சந்தை விலை என்று கொள்ளற்க. குறைநிரல் தளத்திற்கு மாதம் ரூ.3,000 வாடகையும், உரையாடல் ஒன்றுக்கு ரூ.1-ம் என்று வைத்துக்கொள்வோம். நிரல்வழிப் பொறிக்கு முதலில் ரூ.1,80,000-ம், சர்வருக்கும் பராமரிப்புக்குமாக மாதம் ரூ.8,000-ம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக்கு, அதாவது 36 மாதத்திற்கு, நிரல்வழிப் பொறியின் செலவு ரூ.4,68,000. மாதம் 1,000 உரையாடல் நிகழும் கடைக்குக் குறைநிரல் தளத்தின் மூன்றாண்டுச் செலவு ரூ.1,44,000 தான். மாதம் 20,000 உரையாடல் நிகழுமாயின் அதுவே ரூ.8,28,000 ஆகின்றது. மாதம் 10,000 உரையாடலில் இரண்டும் சமமாகின்றன. எனவே, மலிவு எது என்னும் கேள்விக்கு விடை தளத்தில் இல்லை; நம் கடையின் அளவில் இருக்கின்றது. தரகர் கூறும் உண்மைத் தொகைகளை இவ்வாறே வைத்து ஒவ்வொருவரும் தத்தம் சமநிலை எண்ணைக் கண்டுகொள்ளலாம். இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

வாட்ஸ்அப்புக்குச் செலுத்தும் கட்டணம் இரு வகைக்கும் பொது என்பதை மறக்கலாகாது. 2025 ஜூலை 1 முதல், கடைக்காரர் தாமே தொடங்கி அனுப்பும் முன்வடிவச் செய்திகளுக்கு ஒவ்வொரு செய்தியாகக் கட்டணம் கணக்கிடப்படுகின்றது. வாடிக்கைக்காரர் தாமே எழுதிய பின் 24 மணி நேரத்திற்குள் நாம் எழுதும் சாதாரண விடைக்குக் கட்டணம் இல்லை. ஆகவே, கேட்டவர்க்கு விடை கூறும் பொறி மலிவானது. கேளாதவர்க்கு விளம்பரம் அனுப்பும் பொறியே பணத்தை விழுங்குவது. கட்டணம் ஒருபுறம் இருக்க, கேளாதவரைத் தொந்தரவு செய்யும் கடையை அவர் வெறுப்பர் என்பதும் வெளிப்படை.

இனிப் பிறரைச் சார்ந்திருத்தலின் அபாயத்தைக் கூறுவோம். "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்பது நம் பாட்டிமார் சொல். கூகிள் கம்பெனியார், குரலால் உரையாடும் பொறிகளைத் தம் அசிஸ்டெண்டில் வைத்துக்கொள்ளப் பிறர்க்கு அளித்திருந்த வாயிலை 2023 ஜூன் 13-ஆம் நாள் மூடினர். வாணிபத்தார் வாடிக்கைக்காரரோடு பேசுதற்கென அவர் நடத்திய பிஸினஸ் மெஸேஜஸ் என்பதையும் 2024 ஜூலை 31-ஆம் நாள் நிறுத்தினர். நிரல்வழியார் இதைக் கேட்டு மகிழ வேண்டா. மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2016-ஆம் ஆண்டில் நிரல் எழுதுவோர்க்கென வெளியிட்ட பாட் பிரேம்வொர்க் நிரல்தொகுதிக்கும் 2025 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்தது. வாடகைக் கடையும் காலி செய்ய வேண்டி வரும். சொந்தக் கடைக்கு வாங்கிய ஓட்டை வார்ப்பவன் தொழிலை விட்டுவிடுதலும் உண்டு.

ஆயினும் இரண்டிற்கும் ஒரு பேதம் உளது. நிரல் நம் கையில் இருந்தால், தாமதமாயினும் வேறொருவரைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். குறைநிரல் தளத்தில் வரைந்த கட்டங்களோ பெரும்பாலும் அத்தளத்தைவிட்டு வெளியே வாரா. எமக்குத் தெரிந்த ஜவுளிக்கடை ஒன்றில், வாடகைத் தளத்தை விட்டு நீங்க முற்பட்டபொழுது, ஈராண்டாகச் சேர்ந்த வாடிக்கைக்காரர் பெயரும் அவர் விருப்பமும் எழுதிய பட்டியலை எடுத்துக்கொள்ள வழியின்றித் திகைத்தனர். ஒப்பந்தத்தில் அதனைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் கடைப் பெண்கள் இருவர் ஒரு மாதம் உட்கார்ந்து கையாலே படியெடுத்தனர். இத்தகைய அல்லல் நம்மவர் மற்றொருவர்க்கு நேராதிருக்க வேண்டும். நிரல்வழியிலும் இதற்கொப்ப ஓர் அபாயம் உண்டு. நிரல் எழுதிய இளைஞர் வேறு ஊரில் உத்தியோகம் பெற்றுச் சென்றபின், அவர் எழுதியது யாவர்க்கும் விளங்காமற் போவது அது. விளக்கக் குறிப்பில்லாத நிரல், உரையில்லாத பழஞ்சுவடி போன்றது.

எல்லாவற்றினும் முக்கியமானதை இனிக் கூறுகின்றோம். நம் முன்னோர் வாணிபத்தில் தழைத்தது முதலினால் மட்டும் அன்று, வாக்கினாலும் ஆகும். எழுத்தில்லாமல் கடன் கொடுத்ததும், கொண்டதும், சொன்ன நாளில் சொன்ன விலைக்குச் சரக்குத் தந்ததும் நம் குலத்திற்குப் பெயர் தேடித் தந்தன. இன்று அவ்வாக்கைப் பொறியின் வாயில் வைக்கின்றோம். அது சொன்ன சொல் யாருடைய சொல்?

இதற்கு ஒரு நியாயமன்றம் விடை கூறியிருக்கின்றது. ஏர் கனடா என்னும் விமானக் கம்பெனியின் பொறி, உறவினர் இறந்தமை பற்றிப் பயணம் செய்வார்க்குரிய கட்டணக் குறைப்பைப் பயணம் முடிந்தபின்னும் கேட்டுப் பெறலாம் என்று தவறாகக் கூறிற்று. பாட்டியாரை இழந்த பிரயாணி ஒருவர் அதை நம்பிச் சீட்டு வாங்கினார். கம்பெனி குறைப்புத் தர மறுத்தது. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து நியாயமன்றத்திற்குச் சென்றது. பொறி செய்த காரியத்திற்குப் பொறியே பொறுப்பு என்னும் பொருள்பட அக்கம்பெனி வாதித்தது. 2024 பிப்ரவரியில் மன்றத்தார் அவ்வாதத்தைத் தள்ளி, பொறி கூறியதும் கம்பெனி கூறியதே என்று தீர்த்து, வட்டியும் செலவும் உட்பட 812 கனடா டாலருக்குச் சிறிது மேற்பட்ட தொகையைக் கொடுக்கக் கட்டளையிட்டனர். தொகை சிறிது, நீதி பெரிது. கடையில் கணக்கப்பிள்ளை கூறிய விலைக்கு முதலாளி கட்டுப்படுவதுபோலப் பொறி கூறிய விலைக்கும் கட்டுப்பட வேண்டுமென்பதே அந்நீதி.

வேறு இரண்டு நிகழ்ச்சிகளும் உண்டு. 2023 டிசம்பரில் கலிபோர்னியாவில் வாட்சன்வில் என்னும் ஊரிலுள்ள மோட்டார் வியாபாரி ஒருவரின் பொறியை விளையாட்டாகச் சிலர் மடக்கி, பெரியதொரு மோட்டாரை ஒரு டாலருக்கு விற்பதாகச் சொல்ல வைத்தனர். 2024 ஜனவரியில் இங்கிலாந்தில் டிபிடி என்னும் பார்சல் கம்பெனியின் பொறி, வாடிக்கைக்காரர் தூண்ட, வசைச்சொல் கூறித் தன் கம்பெனியையே பழித்துப் பாட்டும் இயற்றிற்று. எழுதி வைத்த விடையன்றித் தானே விடை இயற்றும் பொறிக்குக் கடிவாளம் இல்லாவிடின் நேர்வது இதுவே. அடுத்து எச்சொல் வரத் தகும் என்று கணிப்பது அப்பொறியின் இயல்பு; மெய்யா பொய்யா என்று ஆராய்வது அதன் இயல்பன்று.

ஆதலின், எத்தளமாயினும், விலை, தள்ளுபடி, சரக்கைத் திரும்பப் பெறுதல், மருந்தின் அளவு ஆகிய நான்கையும் பொறி தானே இயற்றிச் சொல்ல விடலாகாது. அவை எழுதி வைத்த பட்டியலிலிருந்தே வரவேண்டும். மருந்தைப் பற்றிய வினாவோ மருந்தாளுநரிடமே செல்ல வேண்டும். இக்கடிவாளத்தைத் தளத்தில் எங்கே வைப்பது என்று தரகரைக் கேட்க வேண்டும். காட்ட இயலாதவரிடம் வாங்கற்க.

வாடிக்கைக்காரரின் விவரங்களைக் காத்தலும் அறமேயாம். இப்பொழுது அது சட்டமுமாயிற்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறிற்று. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறையாகும் வகையில் முக்கியக் கடமைகள் வகுக்கப்பட்டன. விவரங்களைத் தக்கவாறு காவாது விட்டால் ரூ.250 கோடி வரையில் அபராதம் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. நாம் பிறர் தளத்தில் வைத்திருப்பினும் பொறுப்பு நம்மைவிட்டு நீங்குவதில்லை என்பதே நாம் முக்கியமாய் உணரத் தக்கது. பெயர், போன் எண், விலாசம் என்னும் மூன்று போதுமாயிருக்க, பிறந்தநாளும் திருமணநாளும் பொறி கேட்க வேண்டுவது எதற்கு? வேண்டாததைக் கேளாமையே முதற் காவல்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வாடிக்கைக்காரர் இலக்கணத் தமிழில் எழுதுவாரல்லர். வேண்டும், வேணும், வேணுங்க, வேண்டுங்களா என்று ஒரு சொல்லே பல உருவில் வரும். சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவர்; சிலர் எழுதாமல் குரலையே பதிந்து அனுப்புவர். தரகர் காட்டும் மாதிரி உரையாடலில் இவை வாரா. ஆகவே மேற்சொன்ன நோட்டுப் புத்தகத்திலிருந்து 100 வாக்கியங்களை வந்தவாறே எடுத்துத் தரகரிடம் கொடுத்து, எத்தனைக்குச் சரியான விடை வருகின்றதென்று நம் கண்முன்னே எண்ணிப் பார்க்க வேண்டும். இச்சோதனைக்கு உடன்படும் தளமே கொள்ளத் தக்கது.

இதுகாறும் கூறியவற்றால் எமது கருத்து இது. ஒரே கடையும், சில நூறு வாடிக்கைக்காரரும், நிலையான வினாக்களும் உடையார் செயலியிலுள்ள இலவச வசதியோடு தொடங்குக. அது போதாதவர் குறைநிரல் தளத்தைக் கொள்க. பல கிளையும், ஆயிரக்கணக்கான உரையாடலும், சரக்கிருப்போடு இணைப்பும் வேண்டுவார் நிரல்வழியைக் கொள்க. நடுத்தரத்தார் முதலில் ஓராண்டு குறைநிரல் தளத்தில் நடத்தி, வாடிக்கைக்காரர் கேட்பன யாவை என்று அனுபவத்தால் அறிந்தபின், வேண்டும் பகுதிக்கு மட்டும் நிரல் எழுதுவித்தல் நன்று. எவ்வழியாயினும் ஒப்பந்தத்தில் நான்கு சொல் இருக்க வேண்டும். வாடிக்கைக்காரர் விவரமும் உரையாடலும் நம் உடைமை. விலகும்பொழுது அவற்றை வாசிக்கத் தக்க வடிவில் தரவேண்டும். நிரலாயின் மூலமும் விளக்கக் குறிப்பும் நம்மிடம் ஒப்படைக்க வேண்டும். வாட்ஸ்அப் எண் நம் பெயரிலேயே இருக்க வேண்டும். நான்காவதை மறந்தவர் தம் கடையின் பெயர்ப்பலகையைப் பிறர் வீட்டில் மாட்டினவர் ஆவர்.

பொறி வந்தால் கடையிலிருக்கும் பிள்ளைகள் வேலை என்னாவது என்று தாய்மார் சிலர் எம்மை வினவினர். அவ்வினா அன்பினாற் பிறந்தது. அதற்கு மழுப்பி விடை கூறுதல் தகாது. ஒரே விலையை நாளெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லும் வேலை குறையத்தான் செய்யும். ஆனால் எவ்வினாவிற்கு எவ்விடை தக்கதென்று அறிந்தவர் அப்பிள்ளைகளே. பொறி அறியாது, நிரல் எழுதுவாரும் அறியார். குறைநிரல் தளத்தின் தலையாய நன்மை இதுவென்று யாம் கருதுகின்றோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய கடைப்பிள்ளை ஒருவரே சில வாரப் பயிற்சியில் விடைகளை மாற்றவும் சேர்க்கவும் கற்றுக்கொள்ளலாம். விலை மாறுந்தோறும் எஞ்சினீயரைத் தேடி ஓட வேண்டுவதில்லை. முதலாளிமார் அப்பிள்ளைகளை நீக்காமல் அவர்களையே பொறிக்கு ஆசிரியராக்குவது கடமை. அது லாபமும் ஆகும். "மனிதரோடு பேச வேண்டும்" என்பார்க்கு அவர்களிடம் செல்லும் வழி எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். வயது முதிர்ந்த வாடிக்கைக்காரர் பொத்தானைத் தேடித் திண்டாடி, வேறு கடைக்குப் போகும்படி விடலாகாது.

நமது சங்கம் செய்யத் தக்கனவாக மூன்றை விண்ணப்பிக்கின்றோம். முதலாவது, ஒரு தொழிலுடையார் ஒன்றுகூடித் தத்தம் நோட்டுப் புத்தகங்களிலுள்ள வினாக்களைத் திரட்டிப் பொதுவான வினாவிடைத் தொகுதி ஒன்று தமிழில் அமைத்தல். இதனைத் திருத்திக் கொடுக்க யாம் கடமைப்பட்டுள்ளோம். இரண்டாவது, தனித்தனியே தரகரிடம் பேசாமல் பலர் சேர்ந்து பேசி ஒப்பந்தம் செய்தல். பத்துக் கடை சேர்ந்தால் கேளாத காதும் கேட்கும். மூன்றாவது, எஞ்சினீயரிங் கற்று வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் குலத்து இளைஞரும் யுவதிகளும் இருவர் மூவரைச் சங்கத்தின் சார்பில் அமர்த்தி, நிரல்வழிப் பொறி வைத்துள்ள கடைகளுக்கெல்லாம் பொதுவான பராமரிப்பாளராக்குதல். ஒருவர் ஊர் மாறினும் மற்றவர் அறிந்திருப்பர். சுவடிக்கு உரையாசிரியர் இல்லாமற் போகாது.

பொறி எதுவாயினும் அதன் வாயால் பேசுவது நம் கடை. வாங்குவது பற்றி அவசரம் வேண்டா. வினாக்களை எழுதத் தொடங்குவதைத் தாமதிக்கவும் வேண்டா. அந்நோட்டுப் புத்தகத்தை நாளைக்கே வாங்குங்கள். அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டுவருபவரோடு உட்கார்ந்து படிக்க யாம் காத்திருப்போம்.

 வாழ்க நம் சங்கம். வளர்க நேர்மையான வாணிபம்.